காஞ்சி மாநகரும் தேனீக்களும்

காஞ்சிக்கு வருவோர் கோபுரங்களை அண்ணாந்து நோக்கிச் சுதைச் சிற்பங்களைக் கண்டு களிப்பர். கலசங்களைக் கண்டு கைகூப்புவர். அவ்வளவில் பார்வையைத் தாழ்த்திப் பட்டுக் கடைகளை நாடிச் செல்வர். கோபுரத்தின் மேனிலையில், ஒரு கொடுங்கையின்கீழ், கரிய முறம் ஒன்றைத் தொங்கவிட்டாற்போலத் தொங்குவதைக் கண்டவர் நூற்றுக்கு ஒருவர் இருப்பரோ என்பது ஐயமே. அது மலைத்தேனீயின் அடை. காட்டையும் மலையையும் உறைவிடமாகக் கொண்ட அவ்வுயிர் நகரத்தின் நடுவே வந்து குடியேறியதற்குக் காரணம் உண்டு. செங்குத்தான பாறையில், மழை படாதவாறு பிதுங்கி நிற்கும் கல்லின்கீழ்த் தன் அடையை ஒட்டுவது அதன் இயல்பு. நம் முன்னோர் மலையைப்போலக் கோபுரம் எடுத்தனர். தேனீ அதனை மலையென்றே கொண்டது.

யான் காஞ்சிக்கு அணித்தாகிய கூரத்தைச் சேர்ந்தவன். அவ்வூரை வைணவர் கூரத்தாழ்வான் பிறந்த இடமாக அறிவர். சரித்திர மாணவரோ, கி. பி. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மனுடைய செப்பேடுகளால் அறிவர். பாலாற்றினின்று கால் வெட்டி ஏரிக்கு நீர் கொணர்ந்த செய்தி அவற்றில் உள்ளது. தானமளித்த ஊரை இருபத்தைந்து பங்காக்கி, மண்டபத்திற் பாரதம் படிப்பதற்கு ஒரு பங்கும், அங்கே தண்ணீரும் தீயும் வைப்பதற்கு ஒரு பங்கும் என்று வகுத்த செய்தியும் உள்ளது. தாகத்தோடு வருபவன் ஒருவனுக்காகத் தண்ணீருக்கென்று தனிப் பங்கு ஒதுக்கிய அம்மனப்பான்மையை யான் பன்முறை நினைத்துப் பார்த்ததுண்டு. இக்கட்டுரைக்கும் அதற்கும் உள்ள தொடர்பு பின்னர் விளங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், பெயர் கூற வேண்டாத ஒரு கோயிலில் திருவிழா நெருங்கிற்று. கோபுரத்தில் மூன்று பெரிய அடைகள் இருந்தன. அதற்கு முந்திய வாரம் அடியார் இருவரைத் தேனீ கொட்டியது என்று சொன்னார்கள், அது பொய்யன்று. இரவு பத்து மணிக்குமேல் ஆட்கள் ஏறி, நீண்ட மூங்கிற் கழிகளின் நுனியிற் பந்தம் கட்டி, மூன்றையும் சுட்டு வீழ்த்தினர். மறுநாட் காலையில் யான் சென்றபோது பிராகாரத்திற் கல் தெரியவில்லை. செத்தனவும் சாகாது ஊர்ந்தனவுமாகத் தேனீக்கள் தளமெங்கும் பரவிக் கிடந்தன. பெருக்கும் அம்மையார் அவற்றைத் துடைப்பத்தாற் குவித்துக் கூடையில் அள்ளினார். இரண்டு கூடை நிறைந்தது. "இதிலே தேன்கூட இல்லை, ஐயா, வெறும் குஞ்சுதான்" என்று அவர் என்னிடம் கூறிய சொல் இன்றும் என் காதை விட்டு அகலவில்லை. அன்று முதல், ஒரு நகரம் இச்சிற்றுயிர்களைத் தன் மதிலுக்குள் வைத்து வாழக் கூடுமா, கூடுமாயின் எவ்வாறு, என்னும் வினாவை யான் படிக்கவும் பார்க்கவும் தொடங்கினேன். அதன் பயனை நம் மாணவர் முன் வைக்கின்றேன்.

முதற்கண், தேனீ என்று நாம் ஒருமையிற் கூறுவது ஓருயிர் அன்று. பண்டைத் தமிழர் இதனை நன்கறிந்திருந்தனர் போலும். வண்டு, சுரும்பு, ஞிமிறு, தும்பி, அளி என்று எத்தனை பெயர்! தருமிக்குப் பொற்கிழி பெற்றுத் தந்த குறுந்தொகைச் செய்யுளிலும் தலைவன் வினவுவது ஒரு தும்பியையே. உலகில் இன்று கண்டு பெயரிடப்பட்ட தேனீ இனங்கள் 20,000-க்கு மேற்பட்டவை. அவற்றுட் பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வதுமில்லை; தேன் சேர்த்து வைப்பதுமில்லை. தாய் ஒருத்தி தனியே ஒரு துளையைத் தேடி, பூந்தாதைத் திரட்டி வைத்து, முட்டையிட்டு, துளையை மூடிவிட்டு மடிகின்றாள், அவ்வளவே.

காஞ்சியின் தெருக்களில் ஒரு காலைப்பொழுது பொறுமையோடு நடப்பவன் ஐந்தாறு வகைகளையேனும் காணலாம். கோபுரத்திலும் உயர்ந்த தண்ணீர்த் தொட்டியிலும் மலைத்தேனீ. வேலிச் செடியின் கொம்பில், உள்ளங்கை அகலமே உள்ள ஒற்றை அடை கட்டுவது கொம்புத்தேனீ. மரப்பொந்திலும் சுவரிடுக்கிலும் அடுக்கடுக்காய் அடை வைப்பது பொந்துத்தேனீ. பெட்டியில் வளர்க்கப்படும் நாட்டுத்தேனீ இதுவே. பழஞ்சுவரின் விரிசலில் மெழுகும் பிசினும் கலந்து ஒரு சிறு குழாய்போல வாயில் அமைத்துக்கொண்டு, கொட்டுதற்குக் கொடுக்கே இல்லாமல் வாழ்வது கொசுத்தேனீ. இனி, கன்னங்கரிய உடலும் நீலம் பாய்ந்த சிறகுமாய் 'ஙொய்' என்று இரைந்துகொண்டு வீட்டு உத்தரத்தைத் துளைக்கும் தச்சுவண்டை அறியாதார் இலர். ரோஜாச் செடியின் இலையை வட்டவட்டமாகக் கத்தரித்துச் சென்று, சாவித்துவாரத்திலும் மூங்கிற் குழலிலும் தொட்டில் கட்டும் இலைவெட்டித் தேனீயை மட்டும் பலர் அறியார். பூச்சி அரித்தது என்று எண்ணி அதற்கு மருந்தடிப்பர்.

இவ்வகைகளுக்கு வேண்டிய வீடு வெவ்வேறு என்பதை மாணவர் கருத்திற் கொள்ளவேண்டும். ஒன்றுக்கு உயர்ந்த கொடுங்கை; ஒன்றுக்குப் பொந்துடைய கிழமரம்; ஒன்றுக்கு வெடித்த மண்சுவர்; பிறிதொன்றுக்குப் பட்டுப்போன கட்டை; தனித்து வாழும் பல இனங்களுக்குச் சிமெண்டு மூடாத வெறும் நிலம். நெசவாளர் தெருக்களிற் பழைய ஓட்டு வீடுகள் இருந்த காலத்தில் இவை யாவும் ஒரு வீட்டிலேயே கிடைத்தன. குழித்தறிக்காகத் தோண்டிய மண்தரை, மண்சுவர், மரத்தூண், மூங்கிற் கழி, புறக்கடையில் ஒரு முருங்கை, பாவு விரிப்பதற்கு நிழல் தரத் தெருவில் ஒரு புங்கமரம். அவ்வீட்டைக் கட்டியவன் தேனீயை நினைத்துக் கட்டவில்லை. இன்று அதே மனையில் எழும் மாடி வீட்டை அமைப்பவனும் தேனீயைப் பகைத்து அமைக்கவில்லை. எனினும், சுவரில் விரிசல் இல்லை, தரையில் மண் இல்லை, புறக்கடையே இல்லை. கோயிற் பிராகாரங்களிலும் மண்ணிருந்த இடமெல்லாம் வண்ணக் கல் பாவப்படுகின்றது. ஆதலின், நகரத்திற் பெரும்பாலான தேனீ இனங்கள் ஒழிவது கொலையால் அன்று. குடியிருப்பு அற்றமையால் என்று அறிக.

இவை ஒழிந்தால் நமக்கென்ன என்பாரும் உண்டு. காஞ்சியைச் சூழ்ந்த கழனிகளில் விளைவது நெல். நெல்லுக்குத் தேனீ வேண்டுவதில்லை, அஃது உண்மையே. ஆனால் வெறுஞ்சோற்றை உண்பவர் யார்? பூசணியிலும் பாகலிலும் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. ஒன்றன் தாதை மற்றொன்றுக்குக் கொண்டு செல்லும் பூச்சி வாராதாயின் பிஞ்சு வெம்பி உதிரும். பூசணிப் பூ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் வாடிவிடுவதாகலின், அந்தச் சில நாழிகைக்குள் தேனீ வந்தே தீரவேண்டும். பீர்க்கம் பூவோ மாலையில் மலரும். புடலையின் வெண்பூ இரவில் நூல்நூலாக விரிந்து அந்துப்பூச்சிகளை அழைக்கும். கத்தரியின் செய்தி இன்னும் வியப்பானது. அதன் மகரந்தப் பை வெடித்துத் திறப்பதில்லை. நுனியில் ஊசித்துளைபோன்ற ஒரு வாய் மட்டுமே உண்டு. தச்சுவண்டும் அதனை ஒத்த சில தேனீக்களும் பூவைக் கால்களாற் பற்றிக்கொண்டு, சிறகை விரியாமல் மார்பை மட்டும் நடுங்கச் செய்யும். அந்த அதிர்ச்சியால் உப்புக் குப்பியைக் குலுக்கியதுபோலத் தாது சிந்தும். பெட்டித்தேனீ இவ்வித்தையை அறியாது. ஆகவே, தேன்பெட்டி நூறு வைத்தாலும் உத்தரத்தைத் துளைக்கும் அந்தக் கருவண்டின் வேலையை அவை செய்யமாட்டா. உலகின் முக்கியமான உணவுப் பயிர் வகைகளில் நாற்கூறில் மூன்று கூறு, சிறிதளவேனும், பூச்சி முதலிய உயிர்களின் உதவியால் விளைவன என்று அறிஞர் கணக்கிட்டிருக்கின்றனர்.

காஞ்சிக்கே உரிய ஒரு சான்றும் காட்டுவேன். 2019-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கி நாற்பத்தெட்டு நாள் அத்தி வரதர் தரிசனம் நிகழ்ந்ததையும், ஒரு கோடிக்கு அண்மையான மக்கள் நம் நகரில் வந்து கூடியதையும் யாரும் மறந்திரார். அத்திருமேனி அத்தி மரத்தால் ஆயது. அத்திக்குப் பூவே இல்லை என்பது உலக வழக்கு. ஆனால் நாம் காய் என்று கூறும் அதனுள்ளேதான் நூற்றுக்கணக்கான பூக்கள் உள்முகமாக மலர்கின்றன. அவற்றை அடையும் வழி நுனியிலுள்ள ஓர் இடுக்கே. எள்ளினும் சிறிய ஒரு குளவி, அத்திக்கென்றே அமைந்தது, அவ்விடுக்கின் வழியே நெருக்கிக்கொண்டு நுழையும். நுழையும்போதே அதன் சிறகுகள் முறிந்து போகும். உள்ளே தாதைத் தூவி, முட்டையிட்டு, அங்கேயே இறக்கும். அதன் பெண்மக்கள் புதிய தாதைச் சுமந்து வெளியேறி, ஓரிரு நாள் வாழ்வுக்குள் மற்றோர் அத்தியைத் தேடும். 'அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு' என்று நாம் அருவருத்துக் கூறும் பழமொழியின் புழு, அம்மரத்தின் வமிசத்தைக் காக்கும் புழுவே. வேறொரு பூச்சியால் அதற்கு விதை உண்டாகாது. அக்குளவியின் ஆயுள் சிறிதாகையால், ஒரு மரம் காய்க்காத காலத்தில் மற்றொன்று காய்க்கும்படி அத்தி மரங்கள் எட்டும் தொலைவிற் பல இருத்தல் வேண்டும். ஊருக்கு ஒன்று வைத்துச் சுற்றிலும் கம்பிவேலி இட்டால் போதாது.

இனி, நகரத்தில் இவற்றுக்கு நேரும் தீங்குகளை நோக்குவோம். தீப்பந்தத்தை முன்னரே கூறினேன். அதனினும் சிறிதாகவும் நாள்தோறும் நிகழ்வதாகவும் உள்ள ஒன்றைப் பற்றி நம் தமிழ்நாட்டு ஆராய்ச்சியாளரே எழுதியிருக்கின்றனர். தேநீர்க் கடைகளில் எறியப்படும் காகிதக் குவளைகளின் அடியில் சர்க்கரை கலந்த சில துளி தங்குகின்றது. பூவைத் தேடிப் புறப்பட்ட தேனீ அதனைக் கண்டால், அலைச்சலின்றிக் கிடைத்ததென்று அதிலேயே இறங்கும். குவளை மேல் குவளை விழுந்த குப்பைத் தொட்டிக்குள் அகப்பட்டு, சிறகு நனைந்து, மீளாது. 2011-இல் கரண்ட் சயன்ஸ் என்னும் பத்திரிகையில் வந்த கட்டுரையில், கடையொன்றுக்கு நாளொன்றுக்குச் சராசரி 168 தேனீக்கள் இவ்வாறு மடிந்ததாகக் கணக்குக் காட்டப்பட்டுள்ளது. காஞ்சியில், பேருந்து நிலையத்திலிருந்து கோயில்கள் வரை எத்தனை கடை என்று எண்ணிப் பெருக்கிக் கொள்க. பெருக்கற்பலன் எனக்கு இரண்டு கூடையை நினைவூட்டிற்று. ஆனால் இங்கே பந்தமும் இல்லை, கூச்சலும் இல்லை, கொட்டுண்டவன் ஒருவனும் இல்லை.

இதற்கு மருந்து மிக எளிது. கண்ணாடித் தம்ளரிற் பருகிக் கழுவி வைப்பதே அது. நம் தந்தையர் காலத்தில் வேறு வழக்கம் இருந்ததில்லை. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் தடுக்கப்பட்டபோது, பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் அப்பட்டியலிற் சேர்ந்தது. சட்டம் தேனீயைக் கருதிச் செய்யப்பட்டதன்று. எனினும், அதனைக் கைக்கொள்ளும் ஒவ்வொரு கடையும் தானறியாமலே தேனீக்கு உதவி செய்கின்றது. காகிதக் குவளையை விடமுடியாத கடைக்காரர், தொட்டியை மூடி வைத்தாலும் பெரிதும் தடைப்படும். நம் விடுதிச் சிற்றுண்டிச் சாலையில் மூடியில்லாத தொட்டி ஒன்று நெடுநாளாக நிற்கின்றது என்பதையும் இவ்விடத்திற் கூறிவிடுகின்றேன்.

மற்றொரு தீங்கு அழகின் பெயரால் வருவது. கோயில்களுக்கு நந்தவனம் வைத்தல் நம் நாட்டில் மிகப் பழைய அறம். நந்தவனம் உள்ள இடத்தில் தேனீக்குக் குறையில்லை என்று யானும் எண்ணியிருந்தேன். ஆராய்ந்து பார்த்தபோது அவ்வெண்ணம் முற்றும் சரியன்று எனக் கண்டேன். அடுக்கு நந்தியாவட்டை, அடுக்குச் செம்பருத்தி, அடுக்கு மல்லி முதலியவற்றிற் கேசரங்களே இதழ்களாக மாறியுள்ளன. ஆகலின் தேனீக்குத் தாது கிட்டுவது அரிது. அரளியிற் பூ நிறைய உண்டு, தேன் இல்லை. பவளமல்லியும் சம்பங்கியும் இரவில் வரும் அந்துப்பூச்சிக்கு உரியவை. மாலைக்கு ஏற்ற பூ வேறு, வண்டுக்கு ஏற்ற பூ வேறு போலும் என்று சோர்வடைந்தபோது, துளசி கண்ணிற் பட்டது. கதிர்விட்ட துளசிப் பாத்தியில் அரை நாழிகை நின்றால் நால்வகைத் தேனீயைக் காணலாம். தும்பையும் அவ்வாறே. எருக்கம் பூவோ தச்சுவண்டுக்கென்றே அமைந்தது. அதன் தாதுத் திரளைச் சுமக்கும் வலிமை சிறு தேனீக்களுக்கு இல்லை. இறைவனுக்கு உகந்தவை என்று நம்மவர் போற்றும் இந்த எளிய செடிகளைக் களையென்று பிடுங்கி, அவ்விடத்திற் குரோட்டன்சும் புல்தரையும் வைக்கும் வழக்கம் பரவி வருவது வருந்தத்தக்கது. மணமும் தாதும் இல்லாத பச்சைப் பாய் அது. தேனீக்கு அதுவும் சிமெண்டுத் தரையும் ஒன்றே.

மரங்களைப் பொறுத்தவரையில், காலம் என்பது ஒன்று உண்டு. பங்குனி சித்திரையில் வேம்பும் புங்கும் பூக்கும்; அவை ஓய்ந்தபின் புளி பூக்கும்; தென்னை ஆண்டு முழுதும் பாளை விடும். இவ்வரிசையில் ஒரு கண்ணி அறுந்தால் அத்திங்களில் தேனீ பட்டினி. மின்கம்பிக்காக மரங்களைக் கழிக்கும் வேலை பெரும்பாலும் கோடை மழைக்கு முன் நடைபெறுவதால், வேம்பும் புங்கும் பூத்த கிளைகளோடே வெட்டுண்டு வண்டியில் ஏறுகின்றன. அவ்வேலையை இரண்டு திங்கள் முன்னதாகச் செய்யின் கம்பிக்கும் தீங்கில்லை, தேனீக்கும் இழப்பில்லை. மேலும், மலைத்தேனீ பல கல் தொலைவு பறந்து சென்று இரை தேடும். கொசுத்தேனீயோ சில நூறு கஜத்துக்கு அப்பாற் செல்வது அரிது. ஆகையால் நகரத்தின் ஒரு மூலையிற் பெரிய பூங்கா ஒன்று அமைத்துவிட்டால் போதும் என்பது பொருந்தாது. தெருவுக்கு நான்கு பூமரமும் திண்ணைக்கு ஒரு துளசியும் இருத்தல் அதனினும் மேல்.

நஞ்சைப் பற்றி மிகுதியாக எழுதவில்லை. பிறர் நிரம்ப எழுதியுள்ளனர். தேனீக்குக் கேடு செய்வன என்று கண்ட மூவகைப் பூச்சிமருந்துகளை ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் திறந்த வெளியிற் பயன்படுத்தலாகாது என விலக்கிற்று. காஞ்சியாருக்கு வேறொரு சான்று போதும். பட்டுப்புழு வளர்க்கும் குடியானவன் தன் முசுக்கொட்டைத் தோட்டத்திற் கண்டபடி மருந்து தெளிக்கத் துணியான். தெளித்த இலையைத் தின்றால் புழு சாகும், பட்டு இல்லை. நம் நகரம் முழுதும் ஒரு பூச்சியின் வாயினின்று வந்த நூலால் உண்டு உடுத்து வாழ்கின்றது. கொசுவுக்காக நகரத்திற் புகை அடிப்பதை நிறுத்துக என்று யான் கூறேன். டெங்குக் காய்ச்சலிற் குழந்தையை இழந்த வீட்டார் முன் அப்படிப் பேச எவருக்கும் நா எழாது. தேங்கிய நீரிற் கொசுப்புழுவை ஒழிப்பதை முதலாவதாகவும், புகையை இறுதியாகவும், அதனையும் பூத்த மரத்தின்மேலும் அடையின்மேலும் படாமலும் செய்யலாம் என்பதே என் விண்ணப்பம்.

பிற நாடுகளில் நகரங்கள் செய்தவற்றுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. நடு அமெரிக்காவிலுள்ள கோஸ்ட்டாரிக்கா நாட்டில் குரிடபாட் என்னும் நகரம், எட்கர் மோரா என்பவர் நகரத் தலைவராயிருந்தபோது, தேனீ, வண்ணத்துப்பூச்சி, ஓசனிச்சிட்டு, மரங்கள் ஆகியவற்றை நகரத்தின் குடிமக்களாகவே அறிவித்தது. சாலையோரங்களிற் பூச்செடி வளர்த்துத் தன்னை 'இனிய நகர்' என்று அழைத்துக்கொண்டது. ஹாலந்து தேசத்து உட்ரெக்ட் நகரார் 2019-இல் 316 பேருந்து நிறுத்தங்களின் கூரைமேற் செடிகளைப் பரப்பினர். இவை போற்றத்தக்கன. ஆயினும் நமக்கு வேண்டுவது கூரைமேற் செடியன்று. கோபுரம், குளக்கரை, நந்தவனம், கிழமரம் என்று அவர்களுக்கு வாய்க்காதவை நம்மிடம் உள்ளன. அவற்றைக் கெடாமல் வைத்திருந்தால் புதிதாகச் செய்ய வேண்டுவது சிறிதே.

தேன்பெட்டி வைப்பதே தேனீயைக் காப்பது என்று கருதும் நண்பர்களுக்கு ஒரு சொல். நம் நாட்டுத்தேனீயின் அளவுக்கு ஏற்பப் பெட்டியமைத்து, 1911 முதல் 1917 வரை தென்னாட்டுச் சிற்றூர் மக்களைப் பயிற்றியவர் நியூட்டன் பாதிரியார். இன்றும் அப்பெட்டி அவர் பெயரால் வழங்குகின்றது. மார்த்தாண்டத்தில் ஒய். எம். சி. ஏ. சங்கத்தார் அத்தொழிலைக் குடிசைதோறும் பரப்பினர். மிஷன் கல்லூரி மாணவர் பெருமையோடு அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது. ஆனால் 1991-92-இல் தாய்லாந்தின் பெயரால் வழங்கும் ஒரு வைரஸ் நோய் பரவி, புழுக்களைப் பைபோல வீங்கச் செய்து, தென்னாட்டுப் பெட்டிகளிற் பெரும்பகுதியை வெறுமையாக்கிற்று. ஓரினத்தையே நெருக்கி வைத்து வளர்ப்பதிலுள்ள அபாயம் அப்போது நன்கு புலப்பட்டது. பெட்டி வளர்ப்பது நல்ல தொழில். கோழி வளர்ப்பது எவ்வாறு பறவைகளைக் காப்பதாகாதோ, அவ்வாறே இதுவும்.

இறுதியாக, கொட்டும் தேனீயோடு கூட்டம் நிறைந்த கோயில் எவ்வாறு ஒத்து வாழ்வது? இதுவே கடினமான வினா. மலைத்தேனீ விளையாட்டன்று, உயிரிழந்தாரும் உண்டு. ஆனால் அது காரணமின்றி இறங்கி வருவதில்லை. தேன்பருந்து அடையிற் பாய்ந்தாலோ, வாணவெடி அருகில் வெடித்தாலோ, சிறுவர் கல் எறிந்தாலோ, அடியில் நின்று புகையெழுப்பினாலோ வரும். ஒன்று கொட்டினால் அவ்விடத்தில் வெளிப்படும் மணம் மற்றவற்றை அழைக்கும்; ஆகையால் அடித்துக்கொல்ல முயல்வது கூட்டத்தையே வரவழைப்பதாகும். விழாக் காலத்தில் அடையின் நேர்க்கீழே கயிறு கட்டி வழியை விலக்குதலும், அப்பக்கத்தில் வெடியை நிறுத்துதலும், இரவில் வலிய விளக்கை அதன்மேற் பாய்ச்சாதிருத்தலும் போதும். சுண்ணம் பூசுதலையும் துப்புரவையும் சில திங்கள் தள்ளி வைத்தால் அடை தானே காலியாகும். பூக்காலம் முடிந்ததும் மலைத்தேனீ முழுக்கூட்டமாக வேறிடம் பெயர்ந்து போவது அதன் வழக்கம். அடுத்த பருவத்தில், எங்கெங்கோ சென்ற கூட்டம் பழைய இடத்தையே தேடி மீள்கின்றது என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். இடம் பெயர்ந்து போன தொழிலாளித் தேனீக்கள் திரும்பி வருவதற்குள் முதுமையால் இறந்திருக்கும். எனவே முன்பு கண்டறியாத தலைமுறை எவ்வாறு அவ்விடத்தை அறிகின்றது என்பது இன்னும் தீராத வினா. நம் உயிர்நூல் மாணவருள் எவரேனும் இதிற் புகலாம்.

2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம், ஒவ்வோர் உள்ளாட்சி மன்றமும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, தன் எல்லையிலுள்ள உயிர்களுக்கு மக்கள் பதிவேடு ஒன்று எழுதிவைக்க வேண்டும் என்கின்றது. 2021-இல் மாநகராட்சியாக உயர்ந்த காஞ்சிக்கும் அது பொருந்தும். கூரத்தைப்போன்ற ஊராட்சிக்கும் பொருந்தும். எந்தக் கோபுரத்தில் எத்தனை அடை, எந்தத் தெருவில் எந்தக் கிழமரத்திற் பொந்துத்தேனீ என்று அப்பதிவேட்டில் எழுதப்படுமாயின், கழிக்க வருபவனும் சுட வருபவனும் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு வரவேண்டியதாகும். செப்பேட்டில் தண்ணீருக்கும் தீக்கும் பங்கு எழுதியவர்களின் ஊரார்க்கு இது புதிய வேலையன்று. தேனீக்கும் தண்ணீர் வேண்டும். கோடையில் ஓர் அகன்ற மண்சட்டியில் கூழாங்கல் இட்டு நீர் வைத்தால், அமிழாமல் அக்கல்லின்மேல் நின்று குடிக்கும்.

முன்னர்க் கூறிய கோயிலுக்குச் சென்ற தை மாதத்தில் மீண்டும் போயிருந்தேன். கொடுங்கையின்கீழ்க் கருகிய தடம் அப்படியே இருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி, புதிய அடை ஒன்று, இன்னும் வெளிறிய நிறத்தோடு தொங்கிற்று. கீழே வாயிற்காவலர் இரண்டு கற்றூண்களுக்கு இடையில் ஒரு தேங்காய்நார்க் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். யார் சொல்லிக் கட்டுகின்றீர் என்றேன். "யாரும் சொல்லவில்லை, சார், போன தடவை பெருக்கின அம்மாதான் கயிறு கொண்டுவந்து கொடுத்தார்கள்" என்றார்.